லோரியில் வருவது மரமா, தண்ணீரா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: “விறகு வியாபாரம் மறுபடியும் தலையெடுக்கிறது, கேள்வி இருந்தால் அனுப்புங்கள்.” அதற்கே எங்கள் ஊர் லாபிஸ் (மலேசியா, ஜொகூர்) தபால்காரர் வாசலில் மோட்டாரை நிறுத்தி, “என்ன அங்கிள், வீட்டில் கல்யாணமா?” என்று கேட்கும்படி ஆகிவிட்டது. கைப்பேசியில் வந்தவை தனி.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் 17 வயதில், ரப்பர் சீட்டைப் புகையில் காயவைக்கும் தோட்டத்துப் புகைக்கூடத்தில் விறகு அடுக்கப் போனவன். பிறகு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர். கடைசி ஒன்பது வருடம் ஒரு தொழிற்சாலைக்கு எரிபொருள் வாங்கிப் போடும் வேலை. அடுப்பு வாயில் நின்றும் பார்த்தாகிவிட்டது, லோரித் தராசுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்தாகிவிட்டது. இரண்டாவதில்தான் வேர்வை அதிகம்.

பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அதனால் எல்லார் பெயரையுமே விட்டுவிட்டேன்.

ஐயா, அப்பாவின் சேமநிதிப் பணம் வந்திருக்கிறது. மூவார் பக்கம் நாற்காலி மேசை செய்யும் பட்டறைகளில் கழிவு மரம் மலைபோல் கிடக்கிறது. அதை வாங்கி பெல்லட் (எரிப்பதற்காக மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு உருளை) அடித்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்தால் அமோகமான எதிர்காலம் என்கிறார் மெஷின் விற்பவர். இறங்கலாமா?
*– சாஆ வாசகர்*

தம்பி, மெஷின் விற்பவர் வேறு என்ன சொல்வார்?

அவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2011-இல் புகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. அடுத்த வருடம் ஜூலையில் ஜப்பான் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மரம், செம்பனைக் கொட்டை ஓடு போன்றவற்றை எரித்து மின்சாரம் எடுத்தால் அரசு நிர்ணயித்த விலைக்கு 20 வருடம் வாங்கிக்கொள்வோம் என்றது. ஆரம்பத்தில் மரத்துக்கு யூனிட்டுக்கு 24 யென். அதே 2012-இல் தென்கொரியாவும் மின் நிறுவனங்கள் இத்தனை பங்கு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம் ஆலைகளில் பாதை போடவும் பள்ளம் மூடவும் கொட்டிய கொட்டை ஓட்டுக்குக் கப்பல் வந்தது அப்போதுதான். எங்கள் ஆலை முதலாளி ஓட்டுக் குவியலைச் சுற்றி வேலி போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை அதில் ஆடுகள் ஏறிப் படுத்திருக்கும்.

உலகத்தில் இன்று வருடத்துக்கு 40 மில்லியன் டன்னுக்கு மேல் பெல்லட் அடிக்கிறார்கள். ஏற்றுமதியில் அமெரிக்கா முதலாவது, அடுத்தது வியட்நாம். சரி, வளர்கிற தொழில்தான். ஆனால் 2024 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? உலகத்திலேயே பெரிய பெல்லட் கம்பெனியான அமெரிக்காவின் என்விவா திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. சரக்கு வாங்க ஆளில்லாமல் அல்ல. விற்பதாக ஒப்புக்கொண்ட விலைக்கும் செய்கிற செலவுக்கும் ஒத்துவரவில்லை. அவ்வளவு பெரிய யானைக்கே அடி சறுக்கியிருக்கிறது என்றால் சேமநிதிப் பணத்தில் ஒரு மெஷின் வாங்குகிறவர் எத்தனை தடவை யோசிக்க வேண்டும்? தவிர, ஜப்பான், கொரியா இரண்டுமே அரசு தரும் காசில் நிற்கிற சந்தை. அங்கே மந்திரி ஒரு கையெழுத்தை மாற்றிப் போட்டால் இங்கே சாஆவில் மெஷின் நிற்கும்.

இனி அந்தக் கழிவு மர மலைக்கு வருவோம். நீங்கள் கண் வைத்தது நல்ல சரக்கில்தான், அதில் தப்பில்லை. மேசை நாற்காலிக்குப் போகும் கித்தா (ரப்பர் மர) பலகையை முதலிலேயே சூளையில் காயவைத்துவிடுகிறார்கள். அதன் தூளில் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பெல்லட் அச்சுக்கு அதுவே பதம். நேராகக் கொட்டி அடிக்கலாம், காயவைக்கும் டிரம் வேண்டாம். அறுவை ஆலையின் பச்சைத் தூள் அப்படியல்ல. பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள தூளாக இருந்தால் ஒரு டன் பெல்லட்டுக்கு 1.8 டன் தூள் வேண்டும். 800 கிலோ தண்ணீரை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு எரிக்கிற விறகு யார் கணக்கு?

காய்ந்த தூள் நல்லது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. பட்டறைக்காரரே தன் சூளைக்கு அதைத்தான் எரிக்கிறார். பலகை ஆலைகளும் கேட்கின்றன. காளான் வளர்ப்பவர்கள் கித்தாத் தூள்தான் வேண்டும் என்று பையோடு வந்து நிற்கிறார்கள். கித்தா மரமே குறைந்துகொண்டு வருகிறது. இந்த நாட்டில் செம்பனை ஐந்து மில்லியன் ஹெக்டேருக்கு மேல். கித்தா அதில் கால்பங்குகூட இல்லை. அதனால் இன்றைக்கு மலைபோல் கிடப்பது நாளைக்கும் கிடக்குமா, யார் எழுதிக் கொடுப்பார் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது தரம். அந்த மலைக்குப் பக்கத்தில் போய்க் கையை விட்டுக் கிளறிப் பாருங்கள். கித்தாத் துண்டு மட்டுமா இருக்கிறது? எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய) பலகையின் ஓரம், பிளைவுட், மெலமைன் ஒட்டிய துண்டு, சாயம் பூசிய கால், ஸ்டேப்பிள் ஊசி எல்லாம் இருக்கும். ஐரோப்பாவில் ‘இஎன்பிளஸ்’ என்று ஒரு தரச் சான்று உண்டு. அதில் மேல்தரமான ஏ1-க்குச் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், ஏ2-க்கு 1.2-க்குள் இருக்க வேண்டும். ஈரம் பத்துக்கு மேல் போகக்கூடாது. நைட்ரஜனுக்கும் வரம்பு உண்டு, ஏ1-க்கு 0.3 சதவீதம். மரத்தில் நைட்ரஜன் ஏது என்பீர்கள். மரத்தில் கொஞ்சம்தான், பசையில் நிறைய. எம்டிஎஃப் ஒட்டும் பசை யூரியாவில் செய்தது. ஒரு மூட்டை எம்டிஎஃப் தூள் கலந்தாலே லேப் ரிப்போர்ட்டில் அது நின்று கத்தும். கொள்முதல் வேலையில் இருந்தபோது ஒருவர் எனக்கு வெள்ளை வெளேரென்று அழகான பெல்லட் சாம்பிள் கொண்டுவந்தார். எரித்தால் மீன் வாடையும் பார்மலின் வாடையும் கலந்து ஒன்று வந்தது. சாம்பிளைக் கையிலேயே கொடுத்து, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

என் யோசனை கேட்டால், ஜப்பானை மறந்துவிடுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் நீராவி தேவைப்படும் தொழிற்சாலை எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சலவை, உணவு, ரப்பர் கையுறை, பலகை காயவைக்கும் சூளை எல்லாம் சேரும். அவர்களில் யார் டீசலும் கேஸும் எரிக்கிறார்கள், யாருக்குச் சில்லாகவே (சிறு துண்டாக வெட்டிய மரமாகவே) போதும் என்று பாருங்கள். பல இடத்தில் பெல்லட்டே தேவைப்படாது. காய்ந்த, மண் இல்லாத, ஒரே அளவான சில்லை மாதம் தவறாமல் கொடுக்கிற ஆள்தான் கிடைக்கமாட்டேன் என்கிறார். அதற்குச் சில்லு வெட்டும் மெஷினும், கூரை போட்ட கொட்டகையும் போதும். கூரை கட்டாயம். நம் ஊரில் மதியம் மூன்று மணி மழைக்குக் கூரையில்லாத விறகுக்காரர் தினமும் தண்ணீர் வியாபாரிதான்.

எங்கள் லோரி கித்தா மரச் சில்லை ஆலைக்குக் கொண்டுபோனால் ‘ஈரம் 38’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அதே மரத்தை அறுவை ஆலை நண்பர் 60-க்கு மேல் என்கிறார். யார் சொல்வது பொய்?
*– சிகாமட் லோரி உரிமையாளர்*

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்த மாதம் பத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

என் வீட்டு அடுக்களையில் செய்ததைச் சொல்கிறேன். போன வாரம் மருமகன் கொண்டுவந்த சில்லில் மேலே ஒரு கை, நடுவே ஒரு கை, அடியில் ஒரு கை என்று அள்ளிக் கலந்து சரியாக 1,000 கிராம் நிறுத்தேன். கேக் தராசுதான். அலுமினியத் தட்டில் பரப்பி, கேக் சுடும் அடுப்பில் (அவன்) 105 டிகிரியில் வைத்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணாடிக் கதவு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வீடெல்லாம் புளித்த ரப்பர் பால் வாடை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை புரியும். இரவு முழுக்க விட்டு, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்துப் பார்த்தேன். எடை இறங்குவது நிற்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. 620 கிராமில் நின்றது.

போனது 380 கிராம் தண்ணீர். இந்த 380-ஐ மொத்த எடையான 1,000-ஆல் வகுத்தால் 38 சதவீதம். பாய்லர்காரர்கள் பேசும் கணக்கு அது. ஏனென்றால் தராசில் ஏறுவது ஈரத்தோடு சேர்ந்த எடை. அதே 380-ஐக் காய்ந்த மரத்தின் எடையான 620-ஆல் வகுத்தால் 61 சதவீதம். மரவேலைக்காரர்கள் பேசும் கணக்கு இது. அறுவை ஆலை, மேசைப் பட்டறை எல்லாம் இதைத்தான் சொல்லும். சில பச்சை மரத்துக்கு இந்தக் கணக்கில் 100-க்கு மேல்கூட வரும், பயந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘ஈரம் 40-க்குள்’ என்று மட்டும் இருந்தால் எந்தக் கணக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த ஒரு சொல் விடுபட்டதால் ஒரு மாதச் சரக்குக்கு நானும் ஒரு விறகுக்காரரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். பிறகு அவர் மகள் கல்யாணத்தில்தான் சமாதானம்.

இரண்டு முள் குத்திப் பார்க்கும் கைமீட்டர் வைத்திருப்பீர்கள். அது காய்ந்த பலகைக்காகச் செய்தது. மரவேலைக் கணக்கில் 30-க்குக் கீழேதான் அது சொல்வதை நம்பலாம். பச்சைச் சில்லில் குத்தி 45, 52 என்று அது காட்டுவதெல்லாம் நம்பர் லாட்டரிக்கு எழுத உதவும்.

இப்போது காசு. முழுக்கக் காய்ந்த மரம் ஒரு கிலோவில் ஏறத்தாழ 18.5 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. ஈரம் 50 என்றால் கையில் கிடைப்பது 8. ஈரம் 30 என்றால் 12. ஈரம் 20 என்றால் 14-க்கும் மேல். மரம் குறைந்தது ஒரு பங்கு, இருக்கிற மரமும் தன் சூட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சி விரட்ட வேண்டியது இன்னொரு பங்கு. பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், ஈரம் 50 உள்ள சில்லு டன் 100 வெள்ளி (ரிங்கிட்). அப்படியானால் ஈரம் 30 உள்ள சில்லுக்கு 150 வெள்ளி கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு நட்டமில்லை. ஆனால் கொடுக்கிறார்களா? பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே விலை. கொஞ்சம் நல்ல மனசுக்காரர் 110 கொடுப்பார். அப்புறம் விறகுக்காரர் எதற்காகக் கூரை போடுவார்? லோரி ஆலை வாசலுக்கு வரும் முன் பக்கத்துச் சந்தில் ஹோஸ் குழாய் போட்டு நனைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பிடித்திருக்கிறேன். டயரெல்லாம் சொட்டச் சொட்ட, வானத்தில் ஒரு மேகம் இல்லை. கோபத்தோடு சிரிப்பும் வந்தது. தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுத்தது நாங்கள்தானே?

அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொழிலில் விற்பது மரமில்லை, காய்ச்சல். நெல்லுக்கும் மிளகாய்க்கும் நல்ல காய்ச்சலா என்று கேட்டு வாங்கின சனம் நாம். விறகுக்கு மட்டும் கேட்காமல் விட்டோம். டன்னுக்கு இல்லாமல் வெப்பத்துக்கு விலை பேசுகிற ஆலையைத் தேடிப் போங்கள். மலேசியாவில் பயோமாஸுக்கு (மரம், பயிர்க்கழிவு எரிபொருளுக்கு) திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011-இல் ஒரு தேசிய வியூகம் வந்தது. 2023 டிசம்பரில் 2030 வரைக்குமான செயல்திட்டம் வந்தது. நல்லதுதான். லாபிஸ் தராசில் ஈரம் பார்க்கிற ஓர் அடுப்பும் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

செம்பனை ஆலை பாய்லரில் வேலை செய்கிறேன். ஓடும் நாரும் போடும்போது சரியாக இருக்கிறது. பழக்குலை எடுத்த வெறுங்குலையை நறுக்கிப் போட்டால் கம்பித்தட்டில் கண்ணாடி மாதிரிக் கட்டி கட்டுகிறது. மேலாளர் எங்களைத்தான் திட்டுகிறார்.
*– யோங் பெங் வாசகர்*

அந்தக் கட்டியை நாங்கள் ‘கிளிங்கர்’ என்போம். இரும்புக் கடப்பாரையால் அதை இடித்து உடைத்த தோள் இன்னும் மழை நாளில் வலிக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை.

வெறுங்குலையில் பொட்டாசியம் அதிகம். தோட்டத்தில் எம்ஓபி உரம் போடுகிறோமே, அதில் இருப்பதுதான். மரம் அதை உறிஞ்சிக் குலையில் சேர்த்து வைக்கிறது. எரியும்போது பொட்டாசியம் மண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து சாம்பலின் உருகுநிலையை இறக்கிவிடும். சாதாரணமாகத் தூளாக விழ வேண்டிய சாம்பல் பாகாகி, கம்பித்தட்டில் ஒட்டி, காற்று வரும் ஓட்டையை அடைக்கும். காற்று குறைந்தால் கரும்புகை. புகை வந்தால் மேலாளருக்கு சுற்றுச்சூழல் இலாகா ஞாபகம் வரும், உங்களுக்குத் திட்டு வரும். குளோரினும் கூடவே வந்து குழாய்களை அரிக்கும்.

குலையைப் பிழிந்து, நறுக்கி, முடிந்தால் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். அதைச் செய்ய வசதியில்லை என்றால் ஓட்டோடு கொஞ்சமாகக் கலந்து போடுங்கள், தனியாக ஊட்டாதீர்கள். குலையைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பி மரத்தடியில் பரப்புவது இன்னும் மேல் என்பது என் கட்சி. உரக்காசு மிஞ்சும்.

மரச்சில்லிலும் இதே சங்கடம் வரும், காரணம்தான் வேறு. கித்தா மரத்தைச் செம்மண்ணில் இழுத்துக்கொண்டு வந்து, பட்டையோடு மண்ணோடு அப்படியே வெட்டித் தள்ளுகிறார்கள். சுத்தமான மரத்தின் சாம்பல் ஒரு சதவீதம் இருந்தால் அதிகம். சாம்பல் நாலு, ஐந்து என்று வந்தால் மீதி எங்கள் ஜொகூர் மண்.

ஒரு துணைச் செய்தி. நான் எஞ்சின் டிரைவர் சீட்டு (தகுதிச் சான்று) வாங்கியது 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் 2024 ஜூன் 1-இல் ரத்தாகி, எல்லாம் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. உங்கள் சீட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.

என் வீட்டுக்காரர் பெல்லட் கிடங்கில் வேலை செய்கிறார். புதுச் சரக்கு வந்து அடைத்த நாளெல்லாம் தலைவலி, வாந்தி வருகிறது என்கிறார். தூசிதான் காரணமா?
*– ஊர் வேண்டாம் என்ற சகோதரி*

தங்கச்சி, இந்தப் பதிலை அவரிடம் இன்றைக்கே காட்டுங்கள்.

தூசியாக இருக்கலாம், ஆனால் எனக்குப் பயம் வேறொன்றில். புதிதாக அடித்த பெல்லட் மூடிய இடத்தில் கிடந்தால் மரத்தில் உள்ள கொழுப்புச் சத்து காற்றோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நெருப்பு எங்கேயும் எரிய வேண்டியதும் இல்லை. தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்பதெல்லாம் அதன் ஆரம்பம். 2006 நவம்பரில் ஸ்வீடன் நாட்டு ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில் பெல்லட் கப்பலின் படிக்கட்டில் இறங்கிய ஆள் உயிரோடு திரும்பவில்லை. சரக்கு அறைகூட இல்லை, பக்கத்துப் படிக்கட்டுதான்.

கதவைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும். தனியாகப் போகவே கூடாது. வாயு காட்டும் சின்ன மீட்டர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் பதறிக்கொண்டு இன்னொருவர் பின்னாலேயே ஓடக் கூடாது, அப்படித்தான் இரண்டாவது சாவு நடக்கும். அவரை டாக்டரிடம் அனுப்பி, என்ன வேலை செய்கிறார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்ப அதே கிடங்குக்குள் போவது வேண்டாம்.

செம்பனை மரத்தையே வெட்டி விறகாக்கினால் என்ன? மறுநடவில் சும்மாதானே அழுகுகிறது?
*– குளுவாங் வாசகர்*

பார்ப்பதற்குத்தான் அது மரம். எடையில் முக்கால் பங்குக்குக் கிட்டத் தண்ணீர், மிச்சத்தில் மாவும் சர்க்கரையும். வெட்டிப் போட்டால் மூன்றாம் நாள் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பிழிகிற மெஷின் வைத்துச் செய்கிறார்கள். லோரி வாடகையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்களே விட்டுவிடுவீர்கள்.

வீட்டில் முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிறேன். விறகு அடுப்பு வைத்தால் கேஸ் செலவு மிஞ்சுமா? ரயில்பாதைப் பக்கம் பழைய கட்டைகள் சும்மா கிடைக்கின்றன.
*– லாபிஸ் வாசகி*

ரயில் கட்டையைத் தொடாதீர்கள் அம்மா! பழைய தண்டவாளக் கட்டை கறையான் அரிக்காமலிருக்கக் கிரியோசோட் என்ற தாரில் ஊறவைத்தது. அதன் புகை உங்கள் கண்ணுக்கும் ஆகாது, முறுக்கு எண்ணெய்க்கும் ஆகாது. சாயம் அடித்த பலகை, மருந்தில் ஊறவைத்த பலகை எல்லாவற்றுக்கும் இதேதான்.

மானிய விலையில் 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்கிற நாட்டில் வீட்டு அடுக்களைக்கு விறகு லாபமில்லை. முறுக்குக்குச் சீரான சூடு வேண்டும், விறகு உங்களை எழுந்து எழுந்து உட்கார வைக்கும். கோயில் திருவிழாவுக்கு அண்டாவில் சாம்பார் வைக்கிற வேலையென்றால் கதை வேறு. பிளந்து, கூரைக்குக் கீழே இரண்டு மூன்று மாதம் காற்றோட்டமாக அடுக்கி வைத்த கித்தா விறகைத் தேடுங்கள். இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள், ‘டங்’ என்று கேட்டால் எடுங்கள். ‘தொப்’ என்று கேட்டால் விறகுக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இந்தச் சத்தத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது புகைக்கூடத்துக் கிழவர் ஒருவர். அந்தக் காலத்தில் சீட்டு ரப்பரை மூங்கில் கழியில் தொங்கவிட்டு நாலு நாள் புகையில் காயவைப்போம். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் சீட்டில் கொப்புளம் விழும், முதல் தரம் மூன்றாம் தரமாகிவிடும். ஈர விறகானால் சூடு ஏறாது, கரி படியும், சீட்டு உள்ளே வெள்ளையாகவே நிற்கும். கிழவருக்குத் தெர்மாமீட்டரில் நம்பிக்கை இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து விறகைத் தட்டிப் பார்த்து, கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஒரு துண்டு போடு, இரண்டு துண்டு போடு என்பார். காலையில் மீட்டரைப் பார்த்தால் 55-இல் நிற்கும்.

மரத்தை எரிப்பது பசுமை எரிசக்தி என்கிறார்கள். புகைதானே வருகிறது? எப்படிப் பசுமை?
*– பள்ளி மாணவி, சிகாமட்*

மகளே, எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று உன் பாட்டி சொல்லியிருப்பார். நிலக்கரி எரித்தாலும் கரிவாயு (கார்பன் டைஆக்சைடு) வரும், மரம் எரித்தாலும் வரும். ஒரே அளவு வெப்பத்துக்கு மரத்தில் கொஞ்சம் கூடவே வரும். மரம் திரும்ப வளர்ந்து அந்த வாயுவை இழுத்துக்கொள்கிறது என்பதுதான் பசுமைக் கணக்கு. வளர்ந்தால்தான் கணக்கு சரி.

ஆகவே எந்த மரம் என்று கேட்க வேண்டும். கித்தா மரம் 25, 30 வருடம் பால் கொடுத்து முடிந்ததும் எப்படியும் வெட்டித்தான் மறுநடவு செய்வார்கள். நல்ல தண்டு பலகைக்குப் போய், கொம்பும் ஓரமும் அடுப்புக்கு வந்தால் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. பேராக்கில் கோலா செப்பெத்தாங் போனால் கரிச்சூளை பார்க்கலாம். அங்கே மாத்தாங் சதுப்புக்காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். நூறு வருடத்துக்கும் மேலாக, 30 வருடச் சுழற்சியில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வளரவிடுகிறார்கள். பள்ளிச் சுற்றுலா போனால் கேட்டுப் பார். ஆனால் பெல்லட்டுக்காக என்று இயற்கைக் காட்டில் நல்ல மரத்தைச் சாய்த்தால் அது திரும்பி வர எத்தனை வருடம்? அதுவரை வாயு ஆகாயத்தில்தானே? ஐரோப்பியச் சட்டம் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த மரத்தையும் ரப்பரையும் செம்பனை எண்ணெயையும் எடுக்க மாட்டேன் என்கிறது. விறகும் பெல்லட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. வியாபாரிகள் முணுமுணுக்கிறார்கள். எந்த லோரி, எந்தத் தோட்டம், எந்த வருடத்து மரம் என்று ஒரு தாளில் எழுதி வைக்க இவ்வளவு அலுப்பு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) இதைவிட அதிகம் எழுதியிருக்கிறார்.

இடம் முடியப்போகிறது. சாஆ தம்பிக்கு ஒரு வார்த்தை. மெஷின்காரருக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்தக் கழிவு மலையிலிருந்து ஒரு மூட்டை தூளோடு என் வீட்டுக்கு வாருங்கள். மேலும் கீழும் நடுவும் எடுத்து வாருங்கள், பட்டறைக்காரர் கையால் எடுத்துக் கொடுப்பதை மட்டும் வேண்டாம். ஈரமும் சாம்பலும் சேர்ந்து பார்ப்போம். செவ்வாய், வெள்ளி மட்டும் வராதீர்கள். அந்த நாட்களில் கேக் அடுப்பு என் மனைவிக்கு. பால் வாடை போகப் போன வாரம் எலுமிச்சைத் தோல் போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டிருக்கிறார், இன்னும் முகம் தெளியவில்லை.